அந்த மண்குவியலை யார் அள்ளுவார்கள்?

கேள்வி: வணக்கம் ஐயா. நியூ மெக்சிகோவில் ரியோ ராஞ்சோவில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறோம். நான் மருந்தாளுநர், மனைவி பள்ளி ஆசிரியை. ஊரில் அப்பாவுக்குத் தோட்டம் இருந்தது. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்ற ஆசையில் கிராண்ட்ஸ் ஊருக்கு வடமேற்கே பத்து ஏக்கர் நிலம் பார்த்தோம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நிலத்தின் ஓரத்தில் புல்லே முளைக்காத ஒரு சாம்பல் நிற மண்குவியலும், பக்கத்தில் துருப்பிடித்த இரும்புச் சட்டமும் இருக்கின்றன. கேட்டதற்கு, "பழைய யுரேனியம் சுரங்கம். 2022-இல் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது, கவர்மென்டே சுத்தம் பண்ணிக் கொடுத்துவிடும்" என்கிறார் விற்பவர். இதை நம்பி வாங்கலாமா? உண்மையிலேயே சட்டம் போட்டால் சுத்தமாகிவிடுமா, இல்லை வெறும் கண்துடைப்பா? (எங்கள் மகள் அங்கிருந்து மஞ்சள் கோடு போட்ட அழகான கல் ஒன்றை எடுத்து வந்து தன் அலமாரியில் வைத்திருக்கிறாள்.)

பதில்:

அன்புள்ள தம்பி,

நிலத்தைப் பிறகு பேசலாம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

சிறு கல் ஒன்று சில வாரம் அலமாரியில் இருந்ததால் குழந்தைக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. பயப்படாதீர்கள், ஆனால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியில் மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் யுரேனியக் கனிமம்தான். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். அந்தத் தூள் மூச்சிலும் வாயிலும் போவதுதான் எனக்குக் கவலை. கையுறை போட்டுக்கொண்டு, கல்லை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வீட்டுக்கு வெளியே உள்ள ஷெட்டில் வையுங்கள். அலமாரியை ஈரத்துணியால் துடையுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டாம், தூளை அறை முழுக்கக் கிளப்பிவிடும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன செய்வது என்று வழி காட்டுவார்கள். மகளைத் திட்ட வேண்டாம். அந்த மஞ்சள் பெரியவர்களையே மயக்கியதுதான்.

அந்த வட்டாரத்தின் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1950-இல் பேடி மார்ட்டினெஸ் என்ற நவாஹோ பழங்குடி ஆட்டிடையர் கிராண்ட்ஸுக்கு மேற்கே ஹேஸ்டேக் குன்றருகே ஒரு மஞ்சள் கல்லைக் கண்டெடுத்தார். அணுகுண்டுக் காலம் அது. தோண்டி எடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ள அரசின் அணுசக்தி ஆணையம் காத்திருந்தது. 1948-க்கும் 2002-க்கும் இடையில் கிராண்ட்ஸ் கனிமப் பட்டையிலிருந்து 34 கோடி பவுண்டுக்கு மேல் யுரேனிய ஆக்சைடு எடுத்தார்கள். ஆணையம் 1970-உடன் வாங்குவதை நிறுத்தியது. பிறகு அணுமின் நிலையங்களை நம்பிச் சில காலம் ஓடியது. எண்பதுகளில் விலை சரிந்ததும் ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு போனார்கள். பல கம்பெனிகள் இன்று பெயரளவில்கூட இல்லை. நீங்கள் பார்த்த இரும்புச் சட்டம் அப்படிப் போனவர்களில் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. விற்பவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை நம்பி வாங்காதீர்கள் என்கிறேன். முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

2022-இல் ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷாம் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தைச் சட்டமன்ற மசோதா 164 என்பார்கள். அது என்ன செய்தது? கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்களைக் கவனிக்க மாநிலத் துறைகளில் ஒருங்கிணைப்புப் பொறுப்பை உருவாக்கியது. எந்தெந்த இடம், எதை முதலில் எடுப்பது என்று ஒரு திட்டம் தயாரிக்கவும், ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவும் சொன்னது. பணம் வந்தால் போட்டுவைக்க ஒரு சீரமைப்பு நிதியத்தைத் திறந்தது. உங்கள் குவியலை இன்ன தேதிக்குள் அள்ளுவோம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வங்கியில் கணக்குத் திறந்தாயிற்று, கணக்கில் பணம் போடுவது தனி வேலை. அது ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டில் நடக்கும் சண்டை.

அப்படியானால் கண்துடைப்பா என்று கேட்கிறீர்கள். இல்லை. கதிர்வீச்சு அளக்கும் தொழிலில் இருபத்தாறு ஆண்டு இருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், இல்லை. காரணம் புரிய வேண்டுமானால் அதற்கு முன் இருந்த சட்டங்கள் எங்கே ஓட்டை விட்டன என்று பார்க்க வேண்டும்.

பொதுநிலத்தில் கனிமம் கண்டவர் உரிமை கோரலாம் என்று சொன்ன 1872-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் (வாஷிங்டன் மத்திய அரசின்) சுரங்கச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தோண்டிய பிறகு மூடு என்று அதில் இல்லை. 1977-இல் வந்த சட்டம் நிலக்கரிக்கு. நிலக்கரி டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலித்துப் பழைய சுரங்கங்களைச் சீர்செய்வது அதன் ஏற்பாடு. நிலக்கரி நிறைய இருந்த வயோமிங் மாநிலம் தன் பழைய நிலக்கரிக் குழிகளை முடித்துவிட்டு, அந்தப் பணத்தைக் கேஸ் ஹில்ஸ் பகுதி யுரேனியக் குழிகளுக்குத் திருப்பியது. நல்ல வேலை, நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அளவுக்கு நிலக்கரிப் பணம் வராத மாநிலங்களுக்கு அந்த வழி இல்லை. பழைய சுரங்கத் துளைகளை ஆள் விழாமல் அடைப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டார்கள்.

1978-இல் யுரேனியக் கழிவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதுவும் ஆலைக் கழிவுக்கு மட்டும். தாதுவை அரைத்து அமிலத்தில் ஊறவைத்து யுரேனியத்தைப் பிரித்தபின் மிஞ்சும் சேறுதான் ஆலைக் கழிவு. தாது வரை போவதற்காகத் தோண்டி மேலே கொட்டிய கழிவுப்பாறை இந்தச் சட்டத்தில் வராது. உங்கள் நிலத்தோரம் இருப்பது அநேகமாக இந்த இரண்டாவது வகை. இரண்டிலும் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, இரண்டிலிருந்தும் ரேடான் என்ற கதிரியக்க வாயு வருகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒன்று கழிவு, மற்றது வெறும் மண்.

பிறகு 1993-இல் நியூ மெக்சிகோ மாநிலமே சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. தோண்டியவன் சீர்செய்ய வேண்டும், அதற்கு முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றது. அருமையான சட்டம்தான். ஆனால் 1970 ஜனவரி 1-க்குப் பிறகு மொத்தமாக இரண்டு ஆண்டாவது உற்பத்தி நடந்த பழைய சுரங்கங்களுக்குத்தான் அது பொருந்தும். 1970 என்று கோடு போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆணையம் குண்டுக்காக வாங்கிய காலம் கிட்டத்தட்ட முழுக்கக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாட்டுக்காகத் தோண்டச் சொன்ன காலத்துக் குழிகளுக்கு ஆளே இல்லாமல் போயிற்று.

மாநிலத்தில் உற்பத்தி நடந்ததாகப் பதிவுள்ள யுரேனியச் சுரங்கங்கள் சுமார் 260. அவற்றில் 137-இல் எந்தச் சீரமைப்பும் நடந்ததற்குப் பதிவு இல்லை. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால் "அந்த 137-க்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் மாநிலம் கூட்டரசைக் காட்டும், கூட்டரசு கம்பெனியைக் காட்டும், கம்பெனியைத் தேடினால் முகவரி இருக்காது. இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சம்பளம் வாங்கும் ஆள் மாநிலத்தில் இருக்கிறார். சிறிய விஷயமாகத் தெரியும். நாற்பது ஆண்டு ஒவ்வொரு அலுவலகப் படியாக ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள்.

பணக் கணக்கையும் பாருங்கள். லகூனா புவெப்லோ பழங்குடி மக்களின் நிலத்தில் ஜாக்பைல்-பகுவாட்டே என்ற திறந்தவெளிச் சுரங்கம் 1953 முதல் 1982 வரை ஓடியது. உலகின் மிகப் பெரிய யுரேனியத் திறந்தவெளிக் குழிகளில் ஒன்று. 1986-இல் 4.36 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுக் குழிகளை நிரப்பி மூடினார்கள். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அங்கே இன்னும் மாசு இருப்பது பிறகு தெரிந்து, 2013-இல் கூட்டரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது முன்னுரிமை கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய மாசுபட்ட இடங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். ஆக, மூடிவிட்டதாலேயே ஒரு இடம் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நேஷனில் 1944-க்கும் 1986-க்கும் இடையில் சுமார் 3 கோடி டன் தாது எடுத்து, 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே விட்டுப் போனார்கள். பழைய சுரங்கக் கம்பெனி ஒன்றின் பொறுப்புகளைச் சுமந்த ட்ரோனாக்ஸ் என்ற கம்பெனியின் திவால் வழக்கில் 2015-இல் நடைமுறைக்கு வந்த தீர்வின் மொத்தத் தொகை 515 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 100 கோடி நவாஹோ நிலத்திலும் அதை ஒட்டியும் உள்ள சுமார் 50 சுரங்கங்களுக்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு சுரங்கத்துக்குச் சராசரி 2 கோடி டாலர். எங்கள் மாநிலச் சட்டமன்றம் 2025-இல் ஒதுக்கியது 1.2 கோடி டாலர், ஐந்து இடங்களுக்கு. அவை சிறிய சுரங்கங்கள் என்பதால் வேலைக்கு ஆகும். முதல் தடவையாகச் சொந்தப் பணத்தைப் போட்டது பெரிய மாற்றம்தான். ஆனால் 137 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் குவியலின் முறை எப்போது வரும் என்று விற்பவர் சொல்லவே முடியாது என்பது உங்களுக்கே புரியும்.

வாஷிங்டனை நம்பலாமா? 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் நிலக்கரி அல்லாத கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு 300 கோடி டாலர் வரை செலவழிக்க அனுமதி தந்தது. அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு. ஒதுக்கியது அதில் ஒரு சிறு துளி. அங்கேயும் கணக்குத் திறந்த கதைதான்.

பணத்தைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது?

சர்ச் ராக் என்ற இடத்தின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1979 ஜூலை 16 அன்று ஆலைக் கழிவுக் குட்டையின் கரை உடைந்து 9.4 கோடி காலன் கழிவுநீரும் 1,100 டன் சேறும் புவெர்க்கோ ஆற்றில் பாய்ந்தது. மக்கள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிய ஆறு அது. அதே பகுதியில் குவிவிரா என்ற பழைய சுரங்கம் இருக்கிறது. அதன் கழிவு 10 லட்சம் கன கெஜத்துக்கு மேல். எங்கள் மண்ணில் புதைத்து மூடாதீர்கள், வெளியே கொண்டுபோங்கள் என்று பக்கத்தில் வாழும் நவாஹோ குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் கூட்டரசுச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்று, தொரோ ஊருக்கருகே உள்ள ரெட் ராக்ஸ் குப்பைக்கிடங்கு வளாகத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தது. இப்போது தொரோ பக்கத்து மக்கள் கவலைப்படுகிறார்கள். எங்கள் வீட்டருகே ஏன் என்கிறார்கள். இரண்டு தரப்பின் வலியும் எனக்குப் புரிகிறது, ஆனால் மண்ணோடு நாற்பது ஆண்டு படுத்து எழுந்தவர்களின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. சட்டம் எழுதுபவர்கள் கொட்டும் இடத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கிடங்கு இல்லாமல் சீரமைப்புத் திட்டம் எழுதுவது கக்கூஸ் இல்லாமல் வீடு கட்டுவது போல.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு வீடு. கல் வீடு, ஒரே அறை, நவாஹோ மூதாட்டி ஒருவர் தனியாக இருந்தார். கதவுக்கு வெளியே என் கதிர்வீச்சு மீட்டர் மணிக்கு 14 மைக்ரோ ராண்ட்ஜன் (கதிர்வீச்சு அளவு) காட்டியது. அந்த ஊருக்கு அது இயல்பு. வாசற்படியில் வைத்தேன், 90. உள்ளே அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தபோது முள் 300-ஐத் தாண்டியது. சுரங்கத்திலிருந்து கிடைத்த சதுரமான நல்ல கல் என்று அவர் கணவர் லாரியில் கொண்டுவந்து கட்டிய சுவர். அவர் கணவர் போய் அப்போது பத்து ஆண்டு ஆகியிருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் அவர் கம்பளம் நெய்வார். அங்கே முதுகு பட்ட இடம் வழவழவென்று இருந்தது. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இதை யாரிடம் சொல்ல வேண்டும்?" என்னால் அன்றைக்கு ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

மாநிலம் சொந்தமாகச் சட்டமும் விதியும் போடுவதில் இன்னொரு பலமும் உண்டு. நிலத்தடி நீரில் யுரேனியம் லிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று நியூ மெக்சிகோ விதி ஒரு காலத்தில் சொன்னது. 2004-இல் அதை 30 ஆக்கினார்கள். குழி தோண்டாமல், லாரி ஓட்டாமல், ஒரு எண்ணை மாற்றியதால் அதுவரை 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்ட எத்தனையோ கிணறுகள் மறுபடி விசாரணைக்கு வந்தன. கம்பெனி இருக்கும் இடங்களில் இதுதான் பிடி. கம்பெனி இல்லாத இடங்களில் நிதியம்தான் வழி.

இனி உங்கள் பத்து ஏக்கர். கூட்டரசின் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, மாசுபட்ட நிலத்தை வாங்கியவர், தான் மாசுபடுத்தாவிட்டாலும், உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பேற்க வேண்டிவரலாம். அதிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் பத்திரம் பதிவதற்கு முன்பே முறைப்படி நிலத்தின் பழைய வரலாற்றை ஒரு நிபுணரை வைத்து விசாரித்திருக்க வேண்டும். அதை முதல்கட்டச் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்பார்கள். வாங்கிய பின் செய்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வாங்கிய பிறகும் மாசு பரவாமல் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. எனவே புல்டோசர் வைத்துக் குவியலை நீங்களே சமப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அடியோடு விட்டுவிடுங்கள். தொட்டவன் தலையில் விழும்.

அந்த மதிப்பீட்டில் கதிர்வீச்சு அளப்பது தானாகச் சேராது. காமா அளவீடும் (நிலத்திலிருந்து வரும் ஊடுருவும் கதிர்வீச்சை அளப்பது) வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். குவியலில் மட்டுமல்ல, அதற்குக் கீழே மழைநீர் ஓடும் ஓடைத் தடத்திலும், நீங்கள் வீடு கட்ட நினைக்கும் இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். பாலைநிலத்தில் மழை அபூர்வம், ஆனால் வந்தால் வாரிக்கொண்டு போகும். கிணற்று நீரைச் சான்றுபெற்ற ஆய்வகத்தில் கொடுத்து யுரேனியம், ரேடியம், ஆர்செனிக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் யுரேனியம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தோட்டம் உங்கள் ஆசை என்பதால் சொல்கிறேன், நிலம் எப்படி இருந்தாலும் இந்தத் தண்ணீர்ச் சீட்டு கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, மேல்நிலம் ஒருவருடையதாகவும் கீழே உள்ள கனிமம் வேறொருவருடையதாகவும் இருப்பது அங்கே சகஜம். உங்கள் பத்திரத்தில் கனிம உரிமை சேர்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். யுரேனியம் விலை ஏறியிருக்கும் காலம் இது.

இவ்வளவும் செய்ய ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் நிலம் மலிவாக இருக்காது. என் சொந்தத் தம்பியாக இருந்தால் வேறு இடம் பார் என்றுதான் சொல்வேன்.

ஆனால் வாங்காமல் விட்டாலும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதைத் தட்டாமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குவியல் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று சுற்றுச்சூழல் துறையின் யுரேனியச் சுரங்க ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். போனில் எடுத்த படங்கள், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, இரும்புச் சட்டத்தில் ஏதாவது எழுத்து தெரிந்தால் அது, கல் எடுத்த இடம், எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள். நியூ மெக்சிகோ சட்டமன்றம் ஜனவரியில் கூடும். ஒற்றைப்படை ஆண்டில் 60 நாள், இரட்டைப்படை ஆண்டில் 30 நாள். உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது, அவரவர் ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள், பேசுவதற்கு எளிது. நிதியத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு என்று உங்கள் தொகுதி உறுப்பினரைக் கேளுங்கள். மருந்தாளுநர் கேட்கிறார் என்றால் காது கொடுப்பார்கள்.

விற்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து அந்த நிலத்தைப் பார்க்க வருகிறவர்களும் குழந்தையைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள்.